பொடியனும் தீபாவளி நீலமும்

ஒவ்வொரு தீபாவளிக்கும் என்ன நிறம் என்பது ஷாமினியின் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். முடிவு செய்வது அம்மா. மற்ற மூவரும் அந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு சிரித்தபடி நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வேலை.

மலேசியாவில், கிள்ளானில் பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. பெருநாள் அன்று குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஷாமினியின் அம்மா வாணிக்கு உடுப்போடு மனசு நிற்காது. ஜன்னல் திரை, சோபா உறை, முறுக்கு டப்பாவின் மூடி வரைக்கும் அந்த ஆண்டின் நிறம் வந்து சேர்ந்துவிடும். தையல்காரர் கொடுக்கும் மிச்சத் துணியைக்கூட அவர் வீசுவதில்லை. ஒவ்வொரு தீபாவளித் துணியிலும் ஒரு துண்டு, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் பத்திரமாக இருக்கும்.

ஒரு வருடம் பச்சை. அந்தப் படத்தில் அப்பா பாண்டான் கேக் மாதிரி இருந்தார் என்று பந்திங்கில் இருக்கும் அத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அப்பா விஜயன் அதற்கு வாயே திறப்பதில்லை. போர்ட் கிள்ளானில் நாள் முழுக்க லோரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் சட்டை நிறத்துக்காகவும் மல்லுக்கட்டத் தெம்பு கிடையாது.

இந்த வருடம் நீலம். சாதாரண நீலம் இல்லை. கண்ணைப் பறிக்கும் பளீர் நீலம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு ஒரு மீன்தொட்டியும் வந்து சேர்ந்தது. அப்பாவோடு வேலை செய்யும் ஐவன் அங்கிள் அம்பாங்கில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். நான்கடி நீளத் தொட்டியை அங்கே வைக்க இடம் இல்லை. விளக்கு, ஃபில்டர் எல்லாவற்றோடும் அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

ஷாமினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. நாய் வளர்க்கக் கேட்டபோது முடியாது என்றார்கள், பூனைக்கும் முடியாது என்றார்கள். மீனுக்கு யாருமே முடியாது என்று சொல்லவில்லை.

அம்மா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு நேராகப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்து, பளீர் நீலத் துணியில் ஒரு துண்டை எடுத்துக் கைப்பையில் வைத்தார். ஷாமினியின் அண்ணன் ரிஷி அதைப் பார்த்துவிட்டான்.

"போச்சு. இந்த வருஷம் மீனுக்கும் கலர் வந்துருச்சு," என்றான்.

சபாபதி அங்கிளின் மீன்கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. சனிக்கிழமை என்பதால் கூட்டம் முட்டி மோதியது. அம்மா நீலத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போனார். புடவைக்கு ஜாக்கெட் துணி தேடுகிறவர் மாதிரிதான் இருந்தது.

கடைசி வரிசையில் அவர் தேடிய நிறம் கிடைத்தது. தொட்டி முழுக்க நீல மீன்கள். விரல் நீளம் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அப்படி ஒரு பளபளப்பு.

அம்மா துணியைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். அச்சு அசல் அதே நிறம். அடுத்த நொடி, இருப்பதிலேயே பெரிய மீன் ஒன்று பாறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, துணிக்கு நேராகத் துடுப்பை எல்லாம் விரித்துக்கொண்டு நின்றது.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, நம்ம துணியைப் பார்த்து எப்படி ஓடி வருது. நம்ம வீட்டுக்கு வரணும்னு அதுக்கே ஆசை," என்றார்.

அந்தப் பக்கமாக வந்த சபாபதி அங்கிள், அவை சிக்லிட் என்ற ஆப்பிரிக்க மீன்கள் என்றார். மலாவி என்ற பெரிய ஏரியில் பாறைகளுக்கு நடுவில் வாழ்பவை. புழு போடக்கூடாது, கீரை கலந்த உணவுதான் கொடுக்க வேண்டும்.

"பார்க்க அழகா இருக்கும்க்கா. ஆனா கொஞ்சம் கோபக்காரங்க லா. பாறை நிறைய வைங்க," என்றார்.

"கோபக்காரங்க ரெண்டு பேரு எங்க வீட்டுலயும் இருக்காங்க. நான் சமாளிச்சுக்குவேன்," என்றார் அம்மா. ரிஷியும் ஷாமினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாமே நீலமாகவா வேண்டும் என்று அங்கிள் ஒரு தடவை கேட்டார். எல்லாமே நீலமாகத்தான் என்று அம்மா சொன்னார். அதற்குள் வேறு யாரோ கூப்பிட, அங்கிள் வலையைப் போட்டு ஆறு நீல மீன்களைப் பிடித்துப் பையில் விட்டார். ரிஷி பக்கத்துத் தொட்டியில் இருந்த ஒரு மஞ்சள் மீனையும் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒன்றே ஒன்றுதானே என்று அம்மாவும் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பைகளைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதக்க விட்டார்கள். பிறகு திறந்துவிட்டார்கள். தொட்டியில் ஒரு பெரிய பாறை, பிளாஸ்டிக் கோட்டை ஒன்று, ஆறு நீலம், ஒரு மஞ்சள். அம்மா உடனே படம் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பந்திங் அத்தை பத்து இதயங்களை அனுப்பிவைத்தார்.

பெயர் வைக்கும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கடையில் துணியைப் பார்த்துப் பாய்ந்து வந்த பெரிய மீனுக்குத் தைக்கோ என்று ரிஷி பெயர் வைத்தான். எல்லோரையும் அதட்டி வைத்திருக்கிற பெரிய ஆளை அவன் நண்பர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மஞ்சள் மீன் கேசரி. இருப்பதிலேயே சின்ன நீல மீனுக்கு ஷாமினி பொடியன் என்று பெயர் வைத்தாள். உணவு போட்டால் எல்லோருக்கும் கடைசியாக வந்து, ஒரே ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு ஓடுகிற மீன் அது.

முதல் நாள் அமைதியாகப் போனது. மறுநாள் தைக்கோ பெரிய பாறையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் எந்த நீல மீன் வந்தாலும் விரட்டியது. அதற்கு அடுத்த நாள் பாறைப் பக்கம் வராத மீன்களையும் தேடிப் போய் விரட்டியது. விரட்டு வாங்கிய மீன், தன்னைவிடச் சின்ன மீனை விரட்டியது. இப்படி மேலிருந்து கீழே வந்து, கடைசியில் எல்லா அடியும் பொடியன் தலையில்தான் விழுந்தது.

வாரக் கடைசிக்குள் பொடியனின் வால் கிழிந்துவிட்டது. நிறம்கூட வெளுத்துப் போனது. தொட்டியின் மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. ஷாமினி பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள்.

தைக்கோதான் கெட்டவன், அதைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரிஷி சொன்னான். அது ஷாமினிக்கும் சரியாகத்தான் பட்டது. இருவரும் சேர்ந்து தைக்கோவைப் பிடித்து ஒரு வாளியில் விட்டார்கள். அன்று மாலை தொட்டி அமைதியாக இருந்தது. பொடியன் குழாய்க்குப் பின்னாலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், பெரிய பாறையில் வேறொரு நீல மீன் உட்கார்ந்திருந்தது. இதுவரை வாயில்லாப் பூச்சியாக இருந்த மீன், இப்போது தைக்கோவைவிட மோசமாக எல்லோரையும் விரட்டியது. பொடியன் மறுபடியும் குழாய்க்குப் பின்னால் போய்விட்டது.

"ஒருத்தன் போனா இன்னொருத்தன் வர்றான்," என்றான் ரிஷி. வேறு வழி தெரியாமல் தைக்கோவைத் திரும்பத் தொட்டியில் விட்டார்கள்.

அம்மாவுக்கு வேறு கவலை. தீபாவளி அன்று திறந்த இல்லம். ஊரே வரும். வந்தவர்கள் பார்க்கும் இடத்தில் வால் கிழிந்த மீன் ஒன்று சாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? சனிக்கிழமை கடைக்குப் போகும்போது அந்தச் சின்ன மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொரு நீல மீன் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"வால் இல்லாத மீனை யாரும்மா வாங்குவாங்க?" என்று ஷாமினி கேட்டாள்.

"யாரும் வாங்க மாட்டாங்க. அரோவானாவுக்கு இரையாப் போட்டுடுவாங்க," என்றான் ரிஷி.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஷாமினிக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கடையின் முன்பக்கத்தில், சின்ன மீன்களை விழுங்கும் ஒரு பெரிய அரோவானா மீன் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதன் வாய் எவ்வளவு பெரியது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவள், உடுப்புகூட மாற்றாமல் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எதைப் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தைக்கோ ஒரு நீல மீனை விரட்டியது. பிறகு இன்னொரு நீல மீனை விரட்டியது. கேசரி நிதானமாக நீந்திக்கொண்டு நேராகப் பெரிய பாறைக்கே போனது. தைக்கோவின் மூக்குக்கு முன்னால் நின்று பாறையில் இருந்த பாசியைக் கொத்தித் தின்றது. தைக்கோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஷாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேசரியின் வாலில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை நாளும் அதை யாரும் தொடவில்லை. அது பெரிய மீனும் இல்லை, பொடியனைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பின் ஏன்?

அப்போதுதான் அவளுக்குக் கடையில் நடந்தது ஞாபகம் வந்தது. அம்மா நீலத் துணியைக் காட்டினார். தைக்கோ பாய்ந்து வந்து துடுப்பை விரித்து நின்றது. இப்போது நீல மீன்களைப் பார்க்கும்போதும் அது அப்படியேதான் நிற்கிறது.

அவள் ஓடிப்போய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். நீலத் துண்டில் ஒரு மீன் உருவம் வெட்டினாள். மூன்று வருடத்துக்கு முந்தைய மஞ்சள் துண்டில் ஒன்று. பாண்டான் பச்சையில் ஒன்று. மூன்றையும், இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சியில் தனித்தனியாக ஒட்டினாள். பச்சை மீனுக்குத் தலை பெரிதாகப் போய்விட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

முதலில் மஞ்சளைக் கண்ணாடியில் காட்டினாள். தைக்கோ பார்த்தது, திரும்பிப் போனது. பச்சையைக் காட்டினாள். திரும்பியே பார்க்கவில்லை.

நீலத்தைக் காட்டினாள். டக்கென்று ஒரு சத்தம். தைக்கோ வந்து கண்ணாடியில் மோதியது. துடுப்பு எல்லாம் விரிந்து நின்றன. குச்சியை அவள் இடப்பக்கம் கொண்டுபோனால் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தது.

மற்ற நீல மீன்களுக்கும் காட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் துணி மீனோடு சண்டைக்கு வந்தது. கடைசியாக மெதுவாகக் குழாய்ப் பக்கம் கொண்டுபோனாள். பொடியன் நீலத்தைப் பார்த்ததும் இன்னும் ஒடுங்கி, கண்ணாடி மூலையோடு ஒட்டிக்கொண்டது. ஷாமினி சட்டென்று குச்சியைக் கீழே போட்டாள். அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நீலத் தொட்டியைப் பற்றி அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேசிவிட்டார். பந்திங் அத்தை அதைப் பார்க்கவே முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவின் முகம் வாடினால் ஷாமினிக்கும் தாங்காது. பொடியன் அரோவானா வாய்க்குள் போனாலும் தாங்காது.

சாப்பிட்டு முடித்த பிறகு அவள் அம்மாவின் கையில் நீலக் குச்சியைக் கொடுத்து, தொட்டியில் காட்டச் சொன்னாள். அம்மா காட்டினார். தைக்கோ டக்கென்று வந்து மோதியது. பிறகு மஞ்சளைக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார். அப்பாவும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

"அப்ப அன்னைக்குக் கடையில, ஆசைப்பட்டு ஓடி வரலையா?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"இல்லம்மா. சண்டைக்கு வந்துச்சு."

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா அவரை ஒரு முறை முறைத்தார். ஆனால் அந்த முறைப்பு நிற்கவில்லை, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் நீலத் திரையையும் சோபாவையும் தொட்டியையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எல்லாம் எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்றார்.

ஷாமினி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாம ஒரே கலர் போட்டா, ஒரே குடும்பம்னு அர்த்தம். அதுங்களுக்கு அப்படி இல்லம்மா. தன் கலர்ல இன்னொருத்தன் வந்தா, தன் இடத்தைப் புடுங்க வந்திருக்கான்னு அர்த்தம். தைக்கோ கெட்டவன் இல்ல. நாமதான் ஆறு பேரையும் ஒரே இடத்துல போட்டுட்டோம்."

அம்மா எழுந்துபோய்ப் பொடியனின் மூலையில் குனிந்து, அந்தக் கிழிந்த வாலை முதல் முறையாகக் கிட்டத்தில் பார்த்தார்.

"சரி, சனிக்கிழமை கடைக்குப் போவோம். நீயே பார்த்து எடு," என்றார்.

சனிக்கிழமை நீல மீன்கள் ஆறையும் பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பொடியனுக்குத் தனிப் பை. ஷாமினி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதனால் பிஸ்கட் டின்னை ரிஷி தூக்கி வந்தான்.

சபாபதி அங்கிள் நடந்ததைக் கேட்டுத் தலையை ஆட்டினார். நல்ல நிலையில் இருக்கும் மீன்களை மாற்றிக் கொடுப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. வேறு வேறு நிறமுள்ள மீன்களோடு நீல மீன் ஒன்று இருந்தால் பிரச்சினை வராது என்றும், ஒன்றை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அம்மாவின் கண் உடனே தைக்கோ மேல் போனது. அவரைக் குறை சொல்ல முடியாது. பைக்குள் இருந்தபோதுகூடத் தைக்கோ ராஜா மாதிரி மின்னியது. பக்கத்தில் பொடியன், ஊறிப்போன காகிதம் போல வெளுத்துக் கிடந்தது.

"ஒண்ணுதான்னா பெருசையே வச்சுக்கலாமே, ஷாமி," என்றார் அம்மா.

ஷாமினி பையைக் கீழே வைக்கவில்லை. "தைக்கோவைக் கடைக்கு வர்றவங்க யார் வேணும்னாலும் வாங்குவாங்கம்மா. இதை நாம வச்சுக்கிட்டாத்தான் உண்டு."

அம்மா தைக்கோவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் அந்தப் பையைப் பிடித்திருந்த பிடியையும் பார்த்தார்.

"அண்ணே, அந்தப் பெருசை நல்ல இடத்துக்குக் கொடுங்க," என்று சபாபதி அங்கிளிடம் சொல்லிவிட்டார்.

அங்கிள் அங்கேயே, மஞ்சளும் ஆரஞ்சுமாக மீன்கள் இருந்த ஒரு தொட்டியில் தைக்கோவை விட்டார். அது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது. சண்டை போட ஆள் கிடைக்கவில்லை போலும், பேசாமல் ஒரு பாறைக்கடியில் போய் நின்றுகொண்டது. ஷாமினிக்கு அதைப் பற்றி இருந்த கவலையும் தீர்ந்தது.

பிறகு ஷாமினி பிஸ்கட் டின்னைத் திறந்தாள். போன தடவை துணியோடு பொருந்துகிற மீனைத் தேடினார்கள். இந்தத் தடவை ஒன்றோடொன்று பொருந்தாத மீன்களைத் தேடினாள். ஒரு மீனைப் பார்த்ததும் அதே நிறத்தில் ஒரு துண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அடுத்த மீனின் துண்டு அதற்குப் பக்கத்தில் வைத்தாலே பளிச்சென்று வேறாகத் தெரிய வேண்டும். அதே அளவில் வளருமா, அதே கீரை உணவைத் தின்னுமா என்றும் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டாள். ஆரஞ்சு ஒன்று, வெள்ளை ஒன்று, செம்பழுப்பு ஒன்று, கறுப்புக் கோடு போட்டது ஒன்று என்று வந்தன. கொஞ்சம் கூட்டமாக இருந்தால் யாரும் ஒருவரையே குறி வைத்து விரட்ட முடியாது என்று அங்கிள் சொன்னதால், வீட்டில் இருக்கும் கேசரிக்குத் துணையாக இன்னும் இரண்டு மஞ்சளும் சேர்ந்தன. அந்த மஞ்சள் மீன்கள் சாதுவானவை, தங்களுக்குள்ளும் அவ்வளவாகச் சண்டை போடாது என்றார் அங்கிள்.

அம்மா தரையில் இருந்த துண்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"இந்த ஆரஞ்சு நீ பொறந்த வருஷத்துத் துணி," என்றார். "இந்தச் செம்பழுப்பு நாம ரவாங்ல இருந்தப்ப. வெள்ளை, ரிஷிக்கு ஒரு வயசு. பாயாசத்தைக் கொட்டி அன்னைக்கே பாழாக்கினான்."

சொல்லச் சொல்ல அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு நிமிர்ந்து, இந்தத் தொட்டியில் நம் வீட்டுத் தீபாவளி எல்லாமே இருக்கிறது என்று பந்திங் அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். பச்சை மீன் ஏதாவது இருக்கிறதா என்றும் அங்கிளிடம் கேட்டார். இல்லை என்று அங்கிள் சொன்னதும் அப்பாவிடமிருந்து ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ரிஷி பைகளைத் தொட்டியில் மிதக்கவிடப் போனான். ஷாமினி தடுத்தாள். முதலில் கல்லை எல்லாம் இடம் மாற்ற வேண்டும் என்றாள். எதற்கு என்று அவன் கேட்டான்.

"எங்க வகுப்புல புதுசா யாராவது சேர்ந்தா, வீரம்மா டீச்சர் எல்லாரோட இடத்தையும் மாத்திடுவாங்க. அப்பதான் 'இது என் இடம், எழுந்திரு'ன்னு யாரும் புது ஆளைச் சொல்ல முடியாது."

ரிஷி யோசித்தான். அவனும் அதே பள்ளியில் வீரம்மா டீச்சரிடம் படித்தவன்தான். ஜன்னலோர இடம் பறிபோன கதை அவனுக்கும் உண்டு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கோட்டையைத் தூக்கி வெளியே வைத்தான்.

அப்பா வாங்கி வந்த கற்களைக் கழுவி மூவரும் அடுக்கினார்கள். பெரிய பாறையை மூலைக்குத் தள்ளினார்கள். இங்கே ஒரு பொந்து, அங்கே ஒரு சந்து என்று ஒளிந்துகொள்ள நிறைய இடம் விட்டார்கள். தொட்டியில் தனியாக இருந்த கேசரி, தன் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று அங்கும் இங்கும் போய்ப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் எல்லா மீன்களையும் ஒன்றாக விட்டார்கள்.

கொஞ்ச நேரம் ஒரே குழப்பம். எல்லோரும் எல்லாப் பொந்துக்குள்ளும் நுழைந்து வெளியே வந்தார்கள். இரண்டு மூன்று சின்னத் துரத்தல்கள் நடந்தன. யாரும் யாரையும் கடிக்கவில்லை. பொடியன் நேராகக் குழாய்க்குப் பின்னால்தான் போனது. ஆனால் தேடி வந்து விரட்ட யாரும் வரவில்லை.

மறுநாள் அது குழாயை விட்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகு உணவுக்கு எல்லோரோடும் சேர்ந்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்த உடம்பில் நீலம் ஏறியது. கிழிந்த வாலில் ஓரமாக மெல்லிய புதுச் சவ்வு முளைத்தது. ஒரு நாள் ஷாமினி பள்ளி விட்டு வந்து பார்த்தபோது, மூலையில் இருந்த பெரிய பாறையின் மேல் பொடியன் நின்றுகொண்டிருந்தது. அவள் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

தீபாவளி வந்தது. வீடு முழுக்க நீலம். திரை நீலம், சோபா நீலம், முறுக்கு டப்பா நீலம், அம்மாவின் புடவை நீலம், ஷாமினியின் பாவாடை நீலம், ரிஷியும் அப்பாவும் போட்டிருந்த ஜிப்பா நீலம். தொட்டி மட்டும் வண்ண வண்ணமாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் நின்றார்கள். அம்மா ஒவ்வொரு மீனையும் காட்டி, அது எந்தத் தீபாவளி என்று சலிக்காமல் சொன்னார். பந்திங் அத்தை பச்சை மீனைத் தேடிவிட்டு ஏமாந்து போனார்.

ஐவன் அங்கிள் அம்பாங்கிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். தன் பழைய தொட்டியைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். நால்வரையும் அதற்கு முன்னால் நிற்க வைத்து, தானே படம் எடுப்பதாகச் சொன்னார்.

"விஜயன், கொஞ்சம் பின்னால போ. இன்னும் கொஞ்சம்."

அப்பா பின்னால் நகர்ந்தார். அவருடைய நீல ஜிப்பா கண்ணாடியைத் தொட்டதுதான் தாமதம், பின்னாலிருந்து டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொடியன்தான். முழுதாக வளர்ந்த வாலையும் துடுப்பையும் விரித்துக்கொண்டு, தன்னைவிட நூறு மடங்கு பெரிய அப்பாவின் முதுகுக்கு நேராக நின்றது. மறுபடியும் வந்து மோதியது. டக்.

"டேய், இது என் வீடுடா," என்றார் அப்பா.

"வீடு உங்களோடது. டேங்க் அதோடது," என்றார் அம்மா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அப்பா தள்ளி நின்றார். பொடியன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் பாறைக்குத் திரும்பிப் போனது.

அந்த வருடத் தீபாவளிப் படம் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் அம்மா, அப்பா, ரிஷி மூவரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஷாமினி மட்டும் திரும்பி மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.